காசு கொடுத்து வாங்கிய கடிதங்கள்

நேயர்களுக்கு வணக்கம். நான் 34 வருடம் தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதனால் யாராவது ஒரு பழைய கடிதத்தை நீட்டினால், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால் என் கை தானாக அதைத் திருப்பிப் பார்க்கும். எந்த ஊர் முத்திரை, எவ்வளவு கட்டணம், பணம் கட்டியது யார். இந்தப் புத்தியோடுதான் பத்து வருடத்துக்கும் மேலாக, அமெரிக்காவின் எல்லைப்புறத்தில் குடியேறியவர்கள் தங்கள் வீட்டாருக்கு எழுதிய கடிதங்களைப் படித்துக்கொண்டிருக்கிறேன். அங்குள்ள நூலகங்கள் இவற்றைப் படம் பிடித்து இணையத்தில் போட்டிருக்கின்றன. கம்ப்யூட்டரில் திறந்து காட்டியது என் பேரன், அதற்கப்புறம் அவனுக்குக் கம்ப்யூட்டர் கிடைக்கவில்லை.

எல்லைப்புறம் என்றால் வேலி போட்ட நாட்டு எல்லை இல்லை. 1800ஐ ஒட்டி ஒஹாயோ, இந்தியானா பக்கம், பிறகு இல்லினாய், அப்புறம் அயோவா, ஒரிகன், கலிஃபோர்னியா என்று மேற்கே மேற்கே நகர்ந்துகொண்டே போன குடியேற்றத்தின் ஓரம் அது. வந்தவர்களுக்குத்தான் அது ஓரம். அங்கேயே தலைமுறை தலைமுறையாக இருந்தவர்களுக்கு அது ஊர் நடு. அதைக் கடைசியில் பேச வேண்டும் என்று துண்டுத்தாளில் குறித்து வைத்திருக்கிறேன், நேரம் இருந்தால்.

முதலில் என் தொழிலுக்கு வருகிறேன். பேரிங் கடிதம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். தபால் தலை ஒட்டாமல் பெட்டியில் போட்டுவிடுவார்கள், வாங்குகிறவர் இரட்டிப்புக் கட்டணம் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். எங்கள் ஊரில் ஒருவர் தன் மாமாவுக்கு வேண்டுமென்றே பேரிங்கில் எழுதுவார், மாமா ஒவ்வொரு தடவையும் திட்டிக்கொண்டே காசு கொடுத்து வாங்குவார், ஒரு தடவை கூட திருப்பி அனுப்பியது கிடையாது. இந்தக் கதையை எதற்குச் சொல்கிறேன் என்றால், 1855க்கு முந்திய அமெரிக்காவில் பெரும்பாலான கடிதம் இப்படி வாங்குகிறவர் காசில்தான் போனது. அது குறும்பு இல்லை, வழக்கமே அதுதான். அனுப்புகிறவர் முன்பணம் கட்டலாம், தடை இல்லை, ஆனால் பெரும்பாலும் கட்டவில்லை. தபால் தலையே அங்கே 1847இல்தான் வந்தது.

கட்டணம் எவ்வளவு? 1816 முதல் 1845 வரை, 400 மைலுக்கு மேல் போகிற கடிதத்துக்கு ஒரு தாளுக்கு 25 சென்ட். கவனியுங்கள், எடைக்கு இல்லை, தாளுக்கு. இரண்டு தாள் என்றால் 50 சென்ட். கவரில் போட்டால் கவரும் ஒரு தாள் என்று கணக்கு. 25 சென்ட் என்றால் சும்மா இல்லை. 1820 சட்டப்படி அரசு நிலம் ஏக்கர் ஒன்றேகால் டாலருக்குக் கிடைத்தது, குறைந்தது 80 ஏக்கர் வாங்க வேண்டும். நீங்களே கணக்குப் போடுங்கள், ஐந்து கடிதம் வாங்கின காசு ஒரு ஏக்கர் நிலம்! இல்லினாயில் மரக்குடிசையில் இருக்கிற மகன் ஒரு கடிதம் எழுதினால், நியூயார்க் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிற அம்மா சுருக்குப் பையிலிருந்து ஏக்கரில் ஐந்தில் ஒரு பங்கு நிலத்தின் காசை எடுத்துக் கொடுக்க வேண்டும். அதுவும் யாரும் வீட்டுக்குக் கொண்டுவந்து தர மாட்டார்கள், அவரே தபால் நிலையத்துக்குப் போய் வாங்க வேண்டும். அது பல ஊர்களில் கடையின் ஒரு மூலைதான். வராதவர்கள் பெயரைப் பத்திரிகையில் பட்டியலாகப் போடுவார்கள், அப்புறமும் வராவிட்டால் கடிதம் வாஷிங்டனில் இருந்த டெட் லெட்டர் ஆபீசுக்கு, அதாவது உரியவரிடம் சேராத கடிதங்களுக்கான அலுவலகத்துக்குப் போய்விடும்.

சரி, இவ்வளவு காசு என்றால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? நாம் செய்ததைத்தான். இன்லேண்ட் லெட்டரில் இடம் போதாமல் மடிப்பு ஓரத்தில், ஒட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில், தலைகீழாக எல்லாம் எழுதுவோமே, அதேதான். ஒரு பெரிய தாளை இரண்டாக மடித்தால் நான்கு பக்கம். மூன்று பக்கம் நிறைய எழுதி, நான்காவது பக்கத்தின் நடுவில் விலாசத்துக்கு மட்டும் இடம் விட்டு, மடித்து, அரக்கு வைத்து மூடுவார்கள். அதிலும் இடம் போதவில்லை என்றால் எழுதி முடித்த பக்கத்தை அப்படியே பக்கவாட்டில் திருப்பி, எழுதின வரிகளுக்குக் குறுக்கே இன்னொரு கடிதம் எழுதுவார்கள். பார்ப்பதற்குப் பாய் முடைந்த மாதிரி இருக்கும். நான் முதல் தடவை பார்த்தபோது ஏதோ பிள்ளை கிறுக்கியது என்று நினைத்துவிட்டேன். கண்ணை ஒரு திசைக்குப் பழக்கினால் ஒரு கடிதம் தெரிகிறது, இன்னொரு திசைக்குப் பழக்கினால் இன்னொன்று.

இன்னொரு தந்திரமும் உண்டு. பத்திரிகை அனுப்பக் கட்டணம் மிகக் குறைவு, 100 மைல் வரை ஒரு சென்ட், அதற்கு மேல் ஒன்றரை சென்ட். எனவே ஒரு பழைய பத்திரிகையை எடுத்து, வேண்டிய எழுத்துகளுக்குக் கீழே ஊசியால் குத்தியோ புள்ளி வைத்தோ செய்தி சொல்லிவிடுவார்கள். வாங்குகிறவர் புள்ளிகளைக் கூட்டிப் படித்துக்கொள்ள வேண்டியதுதான். இது தபால் சட்டப்படி குற்றம். தபால்காரனாக நான் கண்டிக்க வேண்டும், ஆனால் மனசு வரவில்லை.

இந்தக் கட்டணக் கதையில் ஏன் இவ்வளவு நேரம் நிற்கிறேன் என்றால், இது தெரியாமல் அந்தக் கடிதங்களைப் படித்தால் தப்பாகப் படிப்போம். எல்லாக் கடிதமும் ஒரே மாதிரி ஆரம்பிக்கும், 'பேனாவைக் கையில் எடுக்கிறேன், நாங்கள் எல்லாரும் சுகம், இது வந்து சேரும்போது நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்'. நம்முடைய நலம், நலமறிய ஆவல்தான். அதே கடிதத்தில் நாலு வரி தள்ளி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிற நடுக்குக் காய்ச்சலில் வீடே படுத்திருப்பது தெரியும். இன்று மலேரியா என்கிறோமே, இல்லினாய், மிச்சிகன் சதுப்பு நிலமெல்லாம் அதுதான். அப்புறம் சோளம் என்ன விலை, கோதுமை என்ன விலை, பன்றி என்ன விலை. என் பேரன் கேட்டான், என்ன தாத்தா, அம்மாவுக்குப் போய் பன்றி விலை எழுதுவார்களா என்று. எழுதுவார்கள். அம்மா 25 சென்ட் கொடுத்திருக்கிறாள், அந்தக் கடிதத்தை ஊரே படிக்கப் போகிறது, அடுத்த வருடம் தம்பி கிளம்பி வரலாமா வேண்டாமா என்று அதை வைத்துத்தான் முடிவு செய்யப் போகிறார்கள். காசுக்கு ஏற்ற சரக்கு உள்ளே இருக்க வேண்டும். மாதக்கணக்கில் எழுதாமல் இருந்த பிள்ளையை உடனே கல் மனசு என்று சொல்லிவிடவும் முடியாது. கையில் காசில்லாத தாய்க்குக் கடிதம் போடுவது அவளிடம் கடன் கேட்கிற மாதிரி. சிலர் அதற்காகவே எழுதாமல் இருந்திருப்பார்கள் என்பது என் கணிப்பு. தபால் கௌண்டரில் உட்கார்ந்தவனின் கணிப்பு, அவ்வளவுதான்.

இப்போது எனக்கு மிகப் பிடித்த கடிதத்துக்கு வருகிறேன். வர்ஜீனியா ரீட் என்று ஒரு பெண், வயது 13. 1847 மே 16ஆம் தேதி, கலிஃபோர்னியாவில் நாப்பா பள்ளத்தாக்கிலிருந்து இல்லினாயில் இருந்த தன் மாமா மகள் மேரிக்கு எழுதுகிறாள். டானர் கூட்டம் என்று வரலாற்றில் பெயர் வாங்கிய, பனியில் மாட்டிக்கொண்ட அந்தக் கூட்டத்தில் உயிரோடு வந்த பெண் இவள். 1846 ஏப்ரலில் இல்லினாயின் ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து எருது பூட்டிய கூண்டு வண்டிகளில் கிளம்பினார்கள். கிளம்பிய சில வாரத்தில், இன்றைய கான்சாஸில், பாட்டி போய்விட்டாள். அப்புறம் ஹேஸ்டிங்ஸ் என்பவர் சொன்ன ஒரு குறுக்கு வழியை நம்பித் திரும்பினார்கள். அந்த மனிதர் அந்த வழியில் வண்டி ஓட்டிப் பார்க்காமலே அதை எழுதிப் பரப்பியவர். குறுக்கு வழி உப்புப் பாலைவனத்தில் கொண்டுபோய் விட்டது, எருதுகள் தண்ணீர் இல்லாமல் தெறித்து ஓடின, இரவில் குடும்பம் நடந்தே போனது.

அந்த இரவைப் பற்றி அவள் எழுதுகிறாள்: அப்படி ஒரு குளிரை நீ பார்த்திருக்க மாட்டாய், நாய்கள் மட்டும் இல்லாவிட்டால் உறைந்து போயிருப்போம். வளர்த்த நாய்கள் சுற்றிப் படுத்துப் பிள்ளைகளுக்குச் சூடு கொடுத்தன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் கடைசியில் சியர்ரா நெவாடா மலையில் பனி வழியை மூடிவிட்டது. ஏரிக்கரையில் குடிசை போட்டுக் குளிர்காலம் முழுக்க இருந்தார்கள். எருதுத் தோலைக் காய்ச்சித் தின்றார்கள். அதுவும் முடிந்த பிறகு, அதே பெண் எழுதுகிறாள், குட்டி கேஷைக் கொன்று தின்னும்படி ஆகிவிட்டது. தலை, கால், தோல் ஒன்றையும் விடவில்லை. கேஷ் யார் என்று கேட்காதீர்கள், அந்த நாய்களில் ஒன்றுதான். அழுதேன், வருத்தப்பட்டேன் என்றெல்லாம் இல்லை. எழுத்துப்பிழை நிறைய, புள்ளி கமா எதுவும் கிடையாது, மூச்சு வாங்காமல் பேசுகிற பிள்ளை மாதிரி வரி ஓடிக்கொண்டே இருக்கும்.

80க்கும் மேற்பட்டவர்களில் பாதியை ஒட்டித்தான் பிழைத்தார்கள். ரீட் குடும்பம் ஆறு பேரும் பிழைத்தது. மனித மாமிசம் தின்னாத ஒரே குடும்பம் எங்களுடையது என்று எழுதுகிறாள், எல்லாம் போய்விட்டது, போனால் போகட்டும், நாங்கள் வந்து சேர்ந்துவிட்டோம் என்கிறாள். அடுத்த வரி என்ன தெரியுமா? இந்தக் கடிதத்தைப் படித்து யாரும் மனம் தளர வேண்டாம், குறுக்கு வழியில் மட்டும் போகாதீர்கள், வேகமாக வந்து சேருங்கள்! கலிஃபோர்னியா அழகான ஊர், நாங்கள் பட்ட பாட்டுக்கு அழகாக இருந்துதான் ஆக வேண்டும் என்றும் எழுதியிருக்கிறாள். கல்யாணம் வேண்டுமென்றால் ஹென்ரியெட்டாவைக் கிளம்பி வரச் சொல், ஸ்பானியர் மாப்பிள்ளை எப்போது வேண்டுமானாலும் கிடைப்பான் என்று அதே கடிதத்தில் கேலியும் உண்டு. எத்தனை தடவை படித்தாலும் இந்த இடத்தில் சிரித்துவிடுவேன், சிரித்துவிட்டுக் கொஞ்சம் கூச்சமாகவும் இருக்கும்.

ஆனால் கடிதம் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. வழியில் ஒரு தகராறில் அவளுடைய அப்பா ஜேம்ஸ் ரீட் கூட்டத்தில் ஒருவரைக் கத்தியால் குத்திவிட்டார், அவர் இறந்துபோனார், கூட்டம் ரீடைத் தனியாகத் துரத்திவிட்டது. (அம்மாவின் இரண்டாவது கணவர்தான் அவர், ஆனால் இவள் அப்பா என்றுதான் எழுதுவாள்.) துரத்தப்பட்டவர் கலிஃபோர்னியா போய்ச் சேர்ந்து, பிறகு மீட்புக் குழுவோடு பனியில் திரும்பி வந்தார். அந்தக் கொலையைக் கடிதத்தில் தேடினால் கிடைக்காது. அப்பாவே கடிதத்தை வாங்கிப் படித்து அங்கங்கே திருத்தமும் சேர்த்திருக்கிறார், அவர் கையெழுத்து தாளில் தெரிகிறது. மூலத்தாள் இன்று பெர்க்லியில் பேன்கிராஃப்ட் நூலகத்தில் இருக்கிறது. அப்பா தோளுக்குப் பின்னால் நிற்கும்போது எந்தப் பிள்ளை அதை எழுதும்? அந்த வருட டிசம்பரிலேயே ஸ்பிரிங்ஃபீல்டு பத்திரிகை இந்தக் கடிதத்தை வெளியிட்டது, பிழையெல்லாம் திருத்தி, ஒழுங்காக. அந்த ஒழுங்கான வடிவத்தைப் படித்தால் அவள் குரல் போய்விடுகிறது. பிழையோடு இருப்பதைத்தான் தேடிப் படிக்க வேண்டும், இதை நான் யாரைப் பார்த்தாலும் சொல்வேன், இப்போது உங்களிடம் சொல்லிவிட்டேன்.

வானொலி நிலையத்து நண்பர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து மூன்று நிமிடம் என்று மூன்று விரல் காட்டுகிறார். நார்வேக்காரர்களின் அமெரிக்கக் கடிதங்களைப் பற்றி நிறைய சொல்ல நினைத்தேன். ஒருவர் எழுதியதைக் கையாலேயே படி எடுத்து, அந்தப் படியைப் பார்த்து இன்னொரு படி எடுத்து, ஊர் ஊராக அனுப்பிப் படித்தார்கள், அதைக் கேட்டுக் கப்பல் ஏறினவர்கள் உண்டு. அது போகட்டும்.

துண்டுத்தாளில் கடைசியாக இருப்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். நார்சிஸா விட்மன் என்று ஒரு மதபோதகரின் மனைவி, 1836இல் கணவரோடு ராக்கி மலைகளைக் கடந்து ஒரிகன் பக்கம் வைலாட்பு என்ற இடத்தில் தங்கினார். அம்மா அப்பாவுக்கு நிறைய எழுதினார். கடிதம் கப்பலில் தென் அமெரிக்காவைச் சுற்றிப் போகும், பதில் வர வருடக்கணக்கு ஆகும். 1837இல் மகள் பிறந்தாள், ஆலிஸ் கிளாரிஸா. இரண்டே வயதில் ஆற்றில் மூழ்கிப் போனாள். அதையும் எழுதி அனுப்பினார். 1847இல் தட்டம்மை பரவி அந்த மண்ணின் பூர்வகுடிகளான கயூஸ் மக்கள் ஏராளமாகச் செத்தார்கள், வெள்ளைக்காரப் பிள்ளைகள் பலர் பிழைத்துக்கொள்ள தங்கள் பிள்ளைகள் சாவதைப் பார்த்து, மருந்து கொடுத்த விட்மன் விஷம் வைக்கிறாரோ என்று சந்தேகப்பட்டார்கள், நவம்பர் 29ஆம் தேதி தாக்கினார்கள், நார்சிஸாவும் கணவரும் கொல்லப்பட்டார்கள். நார்சிஸாவின் கடிதங்கள் அச்சாகி இருக்கின்றன, நான் படித்திருக்கிறேன். அதே வருடம் அதே இடத்தில் பிள்ளையைப் புதைத்த ஒரு கயூஸ் தாய் யாருக்கும் கடிதம் எழுதவில்லை. அவளைப் பற்றித்தான் விரிவாகப் பேச நினைத்தேன், இப்போது ஒரே விரல் காட்டுகிறார். மறுபடி கூப்பிட்டால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். வணக்கம்.