வழக்கைத் தள்ளித் தவணை போட்டால் அது நிதானமா?

நடுவர் ஐயாவுக்கும் சபையோருக்கும் வணக்கம். பெரிய கொலை வழக்குகளில் நீதியை அதிகம் கெடுப்பது தாமதமா, அவசரமா என்பது தலைப்பு. தாமதம்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் 2015 மே மாதத்தை நினைவுபடுத்தினார். புங்குடுதீவு மாணவியின் கொலைக்குப் பிறகு சனம் கொதித்து யாழ்ப்பாண நீதிமன்றத்துக்கே கல்லெறிந்தது, நூறு பேருக்கு மேல் கைதானார்கள். அந்த நேரத்தில் அவசரப்பட்டால் குற்றமற்றவன் அகப்பட்டுவிடுவான் என்றார். நியாயமான பயம்தான். ஆனால் கதையைப் பாதியில் விட்டுவிட்டாரே!

அந்த வழக்கு ட்ரயல் அட் பாருக்குப் போனது. ஜூரி இல்லை, மூன்று மேல் நீதிமன்ற நீதிபதிகள். 2017 ஜூன் கடைசியில் சாட்சி விசாரணை தொடங்கியது, செப்டெம்பர் 27 தீர்ப்பு. மூன்றே மாதம். ஒன்பது எதிரிகளில் ஏழு பேருக்கு மரண தண்டனை. (கோட்டில் எதிரி என்றால் குற்றஞ்சாட்டப்பட்டவர், எதிரணியார் கோபிக்க வேண்டாம்.) மற்ற இருவரும் விடுதலை. ஊரே தூக்குக் கேட்டு நின்ற வழக்கில், வேகமாக விசாரித்த அதே நீதிபதிகள்தான் அந்த இருவரையும் பிரித்தெடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனால் அதற்குள் அவர்கள் இரண்டு வருடத்துக்கு மேல் விளக்கமறியலில், அதாவது தீர்ப்புக்கு முந்திய சிறையில், இருந்துவிட்டார்கள். அதில் சாட்சி விசாரணை நடந்தது கடைசி மூன்று மாதம்தான். குற்றமற்றவனுக்காக இவ்வளவு உருகும் எதிரணி, அவனுடைய மிச்ச மாதங்களை எந்தக் கணக்கில் எழுதப் போகிறது?

இனி மிருசுவில் வழக்கு. யாழ்ப்பாணத்தில் உள்ள அந்த ஊரில் 2000 டிசெம்பரில் பொதுமக்கள் எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள். அதுவும் ட்ரயல் அட் பார்தான், ஆனால் கொழும்பில். ஒரு இராணுவத்தினருக்கு மரண தண்டனை கிடைத்தது 2015 ஜூனில். பதினாலரை வருடம்! 2020 மார்ச்சில் ஜனாதிபதி பொதுமன்னிப்புக் கொடுத்து அவரை வெளியே விட்டார். அந்த மன்னிப்பைத் தாமதத்தின் தலையில் கட்ட மாட்டேன், அது வேறு வியாதி. நான் நினைப்பது அன்று உயிர் தப்பி ஓடி வந்து விஷயத்தைச் சொன்ன அந்த ஒருவரை. அவரும் எட்டுக் குடும்பங்களும் அத்தனை வருடம் அந்த நாளை ஆறவிடாமல் வைத்திருக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது பேச்சாளர், ‘ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்கக் கூடாதா’ என்று கைதட்டு வாங்கினார். சரி, பொறுக்கலாம். அடுப்பே மூட்டாமல் பொறு பொறு என்றால்?

என் மாமா ஒரு வெட்டுக்கொத்து வழக்கில் சாட்சி. தோட்ட வேலையை விட்டு, பஸ் ஏறிக் கோட்டுக்குப் போவார். ஒரு நாள் சட்டத்தரணி வரவில்லை, ஒரு நாள் அறிக்கை வரவில்லை, ஒரு நாள் ஏனென்றே தெரியாது. ‘இண்டைக்கு எடுபடாது, தவணை’ என்பார்கள். ஆறாவது வருடம் ஒருவழியாகக் கூண்டில் ஏற்றினார்கள். வெட்டியவன் போட்டிருந்த சட்டை என்ன நிறம் என்று கேட்டார்கள். மாமா நீலம் என்றார். பொலிஸ் வாக்குமூலத்தில் பச்சை என்று இருந்ததாம். ‘நீர் பொய் சொல்லுகிறீர்’ என்றார் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி. அவர் தன் வேலையைச் செய்தார், குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் கோடு நிறைய ஆட்கள் இருக்க, அன்றைக்குப் பொய்யராக வீடு திரும்பியது மாமா மட்டும்தான்.

மணி அடித்துவிட்டது. அடுத்து வரும் எதிரணி நண்பர் அந்தச் சட்டைக்கு ஒரு பதில் சொல்லிவிட்டுத் தன் பேச்சைத் தொடங்கட்டும்.