கோடு இல்லாத அச்சு

நேயர்களுக்கு வணக்கம். சீன ஓவியம் என்றதும் என்ன நினைவுக்கு வருகிறது? மை கரைந்து மங்கும் மலை, ஓரமாய் ஒரு மூங்கில் கிளை, மீதி வெற்றுத்தாள். அப்படி வரைந்தவர்களில் பலர் அரசுத் தேர்வுக்குப் படித்த பண்டிதர்கள். கூலிக்கு வரைவது அவர்களுக்கு இழுக்கு. மரப்பலகையில் செதுக்கி அச்சடிப்பதோ கைவினைஞர் தொழில். மிகப் பழைய தொழில். 868-இல் அச்சான வைர சூத்திரம் என்ற பௌத்த நூலிலேயே புத்தர் படம் உண்டு. ஆனால் அதில் எல்லாம் கோடுதான். கோடு மட்டும் மேடாக நிற்கும்படி சுற்றிலும் உளியால் செதுக்கிவிடலாம். மை கரைவதை எப்படிச் செதுக்குவது?

இதோடு மல்லுக்கட்டியவர் ஹூ ஜெங்யென். நான்ஜிங்கில் வீட்டு முன்னால் மூங்கில் நட்டு, 'பத்து மூங்கில் கூடம்' என்று பெயர் வைத்தவர். தாமே பண்டிதர், முத்திரை செதுக்குவதிலும் கைதேர்ந்தவர். பத்துப் பன்னிரண்டு செதுக்குக்காரர்களைக் கூடவே வைத்திருந்தார். அவர்களை வேலையாட்களாக நடத்தாமல், காலை மாலை உட்கார்ந்து விவாதித்தார் என்று பழைய குறிப்பு ஒன்று சொல்கிறது. எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட இந்த விவரம்தான் பெரிது.

அவர்கள் செய்தது இதுதான்: ஒரு படத்தை நிறவாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு பலகை. பலகையில் நிறத்தைத் தடவி, ஒரு பக்கம் நீர்க்கச் செய்துவிட்டு, தாளை மேலே வைத்துத் தேய்ப்பார்கள். நிறம் தூரிகையில் வந்ததுபோல மங்கிக்கொண்டே போகும். 1633-இல் வெளிவந்த அவர்களுடைய ஓவியத் தொகுப்பில் பூவிதழ்களைப் பாருங்கள், சுற்றிக் கோடே இல்லை. கோடே இல்லை! ஜப்பானின் பலவண்ண அச்சை உலகமே கொண்டாடுகிறது. அது முழு வடிவம் பெற்றது 1765-இல்தான். சும்மா சொல்லி வைக்கிறேன்.

என் மனசுக்கு நெருக்கமானது அடுத்தது. பண்டிதர்கள் கவிதை எழுதி அனுப்பும் கடிதத் தாள்கள். 1644-இல், பெய்ஜிங்கில் மிங் அரசு கவிழ்ந்த அதே ஆண்டில், ஹூ அவற்றைத் தொகுத்தார். சில தாள்களில் மையே இல்லை. கல்யாணப் பத்திரிகையில் எழுத்து புடைத்து நிற்குமே, அதுபோல அலையும் மேகமும் வெறும் புடைப்பாக இருக்கும். வெற்றிடத்தைப் படமாக்கியது பண்டிதர் ஓவியம். அந்த வெற்றிடத்தையே அச்சடித்தவர்கள் இவர்கள்.

இந்தக் கைத்தொழில் பெய்ஜிங்கின் ரோங்பாவ்ஜாய் கடையில் இன்றும் உண்டு. ஓவியர் சி பைஷியிடம் அவருடைய இறால் படத்தையும் அதன் அச்சையும் சேர்த்துக் காட்டினார்களாம். எது தம் கை என்று அவராலேயே சொல்ல முடியவில்லை என்பார்கள்.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள், நேரம் ஆகிவிட்டது. 1679-இல் வந்த 'கடுகு விதைத் தோட்டம்' என்ற, ஓவியம் கற்றுத்தரும் நூலைப் பற்றிப் பேசவில்லை. புத்தாண்டுக்கு வீட்டில் ஒட்டும், யாங்லியூச்சிங் ஊரின் அச்சுப் படங்கள் பாக்கி. ஷாங்காய் ஓவியர் சியென் ஹுயிஆன் அவற்றுக்கே வரைந்து கொடுத்தார், பளிச்சென்ற நிறங்களுக்கு நடுவே மென்மையான சாயங்கள் புகுந்தன. அது பெரிய கதை. வணக்கம்.