எலும்பைத் தேடிப் போகும் மூலகம்

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

ஹட்டன், தலவாக்கலை, பதுளைப் பக்கமிருந்து பேராதனைக்கு ஸ்கேன் எடுக்க அனுப்பப்படும் நம்மவர்களுக்கு, ஊசியில் கதிரியக்கம் இருக்கிறது என்றதுமே பாதி உயிர் போய்விடுகிறது. டொக்டர் தந்த துண்டை மடித்து வைத்துவிட்டு, போகாமலே இருந்துவிடுபவர்களும் உண்டு. அது எனக்குப் பெரிய வருத்தம். அந்த ஊசிக்குள் இருக்கும் டெக்னீசியம் பற்றிச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

ஆவர்த்தன அட்டவணையில் மங்கனீசுக்கு நேர் கீழே, 43ஆம் இடம். அங்கே ஒரு மூலகம் இருந்தாக வேண்டும் என்று அட்டவணையை வகுத்த மெண்டலீவ் முன்பே சொல்லிவிட்டார். ஆனால் கிடைத்தது 1937இல்தான். அமெரிக்காவின் பேர்க்லியில் சைக்கிளோத்திரன் என்ற துகள் முடுக்கிக்குள் இருந்த மொலிப்டினத் தகடொன்றை வரவழைத்து, இத்தாலியின் பலேர்மோவில் விஞ்ஞானிகளான பெரியரும் செக்ரேயும் அதைப் பிரித்தெடுத்தார்கள். மனிதன் செய்த முதல் மூலகம். நிலையான சமதானி, அதாவது கதிரியக்கம் இல்லாத வகை, இதற்கு ஒன்றுகூட இல்லை.

சரி, அது ஆஸ்பத்திரிக்கு எப்படி வருகிறது? ஈயக் கவசத்துக்குள் ஒரு சின்னக் குழாய். அதில் அலுமினியம் ஒட்சைட்டுத் தூள், தூளின் மேல் மொலிப்டினம்-99. மொலிப்டேற்று அயனுக்கு இரண்டு மறையேற்றம், அதனால் தூளை இறுகப் பிடித்துக்கொள்ளும். 66 மணி நேர அரைவாழ்வுடன் (பாதி சிதைய எடுக்கும் நேரம்) அது சிதைந்து டெக்னீசியம் ஆகும்போது, ஒரே ஏற்றமுள்ள பரடெக்னேற்று அயன் (டெக்னீசியமும் ஒட்சிசனும் சேர்ந்தது) உண்டாகிறது. அதன் பிடி தளர்வு. உப்புநீரைச் செலுத்தினால் கழன்று வந்துவிடும். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இதைப் பால் கறப்பது என்றுதான் சொல்வார்கள். இன்று கறந்தால் நாளைக் காலை மறுபடி ஊறியிருக்கும்.

பள்ளி ஆய்வுகூடத்தில் பார்த்த பரமங்கனேற்று கடும் ஊதா, கண்டதையெல்லாம் ஒட்சியேற்றும். பரடெக்னேற்றுக்கும் அதே வடிவம், அதே +7 ஒட்சியேற்ற நிலை. ஆனால் நிறமே இல்லை, குணமும் சாது. பருமனிலும் ஏற்றத்திலும், தைரொயிட்டு உறிஞ்சும் அயடைட்டை ஒத்திருப்பதால் அப்படியே ஏற்றினால் தைரொயிட்டுக்குப் போய்விடும். கழுத்துக் கழலையைப் பார்க்க அதுவே போதும்.

எலும்பைப் பார்க்க வேண்டுமானால் கொஞ்சம் இரசாயனம் செய்ய வேண்டும். சிறு குப்பியில் வெள்ளைத் தூள் இருக்கும்: பொசுபோனேற்றுச் சேர்வை, கூடவே துளி வெள்ளீயக் குளோரைட்டு. பரடெக்னேற்றை உள்ளே விட்டதும் வெள்ளீயம் அதைத் தாழ்த்துகிறது, அதாவது அதற்கு இலத்திரன் கொடுக்கிறது. +7இலிருந்து இறங்கிய பிறகுதான் டெக்னீசியம் மற்றவற்றுடன் கைகோக்கும். பொசுபோனேற்றோடு சேர்ந்து, எலும்பு புதிதாக வளரும் இடத்தில் போய் ஒட்டும். குப்பிக்குள் காற்றுப் புகுந்தால் ஒட்சிசன் வெள்ளீயத்தைக் கெடுத்துவிடும். தாழாத பரடெக்னேற்று தைரொயிட்டுக்கும் இரைப்பைக்கும் போய்ப் படத்தைக் குழப்பும். அதனால்தான் அங்கே வேலை செய்பவர்கள் அந்தக் குப்பியோடு அத்தனை கவனமாக இருக்கிறார்கள்.

இருதயத்துக்கு வேறு சேர்வை: +1 நிலையிலுள்ள டெக்னீசியத்தைச் சுற்றி ஆறு ஐசோநைத்திரைல் மூலக்கூறுகள். ஆக, எந்த உறுப்புக்குப் போவது என்பதைத் தீர்மானிப்பது சேர்வை. கதிர் இடத்தைக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

பயத்துக்கு வருவோம். ஊசியிலுள்ள டெக்னீசியம்-99m வகையின் அரைவாழ்வு 6 மணி நேரம். ஒரு நாளில் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும், சிறுநீரிலும் கொஞ்சம் போய்விடும். அது சிதைந்து மிச்சமாகும் டெக்னீசியம்-99க்கு அரைவாழ்வு இரண்டு இலட்சம் ஆண்டுக்கு மேல். அவ்வளவு மெதுவாகச் சிதைவதால், ஊசியளவில் அதன் கதிர் பொருட்டே அல்ல.

அந்த 6 மணி நேரம் மலைப்பாதைக்காகக் காத்திருக்காது. காலை எட்டு மணிக்கு எடுத்து வைத்த மருந்து, பகல் இரண்டு மணிக்குப் பாதிதான். மண்சரிவில் பஸ் நின்றுவிட்டால், உடனே துண்டிலுள்ள இலக்கத்துக்குப் போன் பண்ணிச் சொல்லுங்கள். கர்ப்பமாக இருந்தாலோ, தாய்ப்பால் கொடுத்தாலோ, ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். அப்புறம், தடையில்லை என்று டொக்டர் சொன்னால் நிறையத் தண்ணீர் குடியுங்கள்.

வணக்கம்.