ரீட்மீயை ஓட்டிப் பாருங்க: ஓப்பன் சோர்ஸ்ல முதல் வேலை

வணக்கம் மக்களே. கொருக்குப்பேட்டை மொட்டை மாடி, பின்னாடி கூட்ஸ் வண்டி சத்தம் வரும், கண்டுக்காதீங்க. தியாகராயா காலேஜ், வியாசர்பாடி அம்பேத்கர் காலேஜ் பசங்க கேக்குறது ஒரே கேள்விதான்: ஓப்பன் சோர்ஸ்ல (யார் வேணா எடுத்து மாத்தலாம்னு திறந்து விட்ட சாஃப்ட்வேர்) எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது? கோடு எழுதுறதை இப்போதைக்கு விடுங்க, ரீட்மீல, அதாவது ப்ராஜெக்ட் கூட வர்ற விளக்க ஃபைல்ல, ஆரம்பிங்க. எழுத்துப்பிழை புடிக்க சொல்லல. அதுல எழுதியிருக்குறது இன்னிக்கு ஓடுதான்னு பாக்க சொல்றேன்.

காசிமேட்டு மீன் விலையை தேதிவாரியா குறிச்சு வெச்சு சராசரி சொல்ற ஒரு சின்ன பைத்தான் ப்ராஜெக்ட்னு வெச்சுக்கோங்க. ரீட்மீல "சூடோ பிப் இன்ஸ்டால்"னு ஒரு வரி. பிப்ன்றது பைத்தான் பேக்கேஜை இறக்கிப் போடுற டூல். 2020ல அது ஓடியிருக்கும். இப்ப லினக்ஸ் வகைகளான டெபியன் 12லயோ உபுண்டு 24.04லயோ அதையே அடிச்சா "எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்"னு எர்ரர் வந்து நின்னுடும். சிஸ்டத்தோட பைத்தானை ஏபிடின்ற, சிஸ்டத்தோட சொந்த இன்ஸ்டாலர் பாத்துக்குது. பிப் உள்ள பூந்து அதோட ஃபைலை மாத்துனா சிஸ்டம் டூல்ஸே உடையும், அதனால பெப் 668ன்ற பைத்தான் விதிப்படி தடுத்து வெச்சிருக்காங்க. நெட்ல தேடுனா "பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்"னு ஒரு ஆப்ஷன் போட சொல்லுவாங்க. என்ன ஆகும்னு பேர்லயே இருக்கு, அதை ரீட்மீல ஏத்தாதீங்க. வெர்சுவல் என்விரான்மென்ட் (சுருக்கமா வென்வ்), அதாவது ப்ராஜெக்ட்டுக்குன்னு தனி பைத்தான் ஃபோல்டர், போடுறதுதான் சரி. அதுலயும் ஒரு பேஜார்: டெபியன், உபுண்டு ரெண்டுலயும் "பைத்தான்3 வென்வ்" தனி பேக்கேஜ். அதை ஏபிடில போடாம வென்வ் உருவாக்குனா "என்ஷ்யூர்பிப் இல்ல"ன்னு கத்தும். விண்டோஸ்ல வென்வை ஆன் பண்ற ஆக்டிவேட் ஃபைல் "பின்" ஃபோல்டர்ல இருக்காது, "ஸ்கிரிப்ட்ஸ்"ல இருக்கும்.

இங்க கவனிங்க, அந்த ப்ராஜெக்ட்ல ஒரு வரி கோடு கூட மாறல. கீழ இருக்குற சிஸ்டம் மாறுச்சு, டாக்குமென்ட் பொய்யாயிடுச்சு. இதை உங்க லேப்டாப்ல கண்டுபுடிக்கவே முடியாது, ஏன்னா தேவையானதெல்லாம் என்னிக்கோ போட்டு வெச்சிருப்பீங்க. அதனால காலி மெஷின் வேணும். லேப்டாப்புக்குள்ளயே தனி காலி மெஷின் மாதிரி ஓட்டுற டாக்கர் இருந்தா போதும்: டாக்கர் ரன், மைனஸ் மைனஸ் ஆர்எம், மைனஸ் ஐடி, டெபியன் கோலன் 12, பாஷ். இமேஜ், அதாவது அந்த மெஷினோட அச்சு, சுமார் 50 எம்பிதான், மொபைல் ஹாட்ஸ்பாட்லயே இறங்கிடும். உள்ள போனதும் முதல்ல ஏபிடி அப்டேட். இமேஜ்ல பேக்கேஜ் லிஸ்ட் காலியா இருக்கும், அப்டேட் பண்ணலன்னா எதைக் கேட்டாலும் கிடைக்கலன்னு சொல்லும். அப்புறம் ரீட்மீல இருக்குற வரியை அப்படியே காப்பி பண்ணி ஒட்டுங்க. கையால திருத்தி அடிக்காதீங்க, திருத்துனா டெஸ்ட்டே இல்ல. பைத்தானும் இருக்காது, கோடு மாற்றத்தையெல்லாம் பதிஞ்சு வெக்கிற கிட்டும் இருக்காது. ரீட்மீ சொல்லாம நீங்களா போட்ட ஒவ்வொரு பேக்கேஜும் அதுல விட்டுப்போன ஒரு வரி. பேப்பர்ல குறிச்சுக்கோங்க.

இன்னொரு வகை, கோடு ஓடிப்போயிடும், டாக்குமென்ட் அங்கேயே நிக்கும். ரீட்மீல "மைனஸ் மைனஸ் தேதி"ன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அடிச்சா அப்படி எதுவும் இல்லன்னு வருது. உடனே இஷ்யூ (புகார்) போடாதீங்க. கிட் லாக், மைனஸ், பெரிய எழுத்து எஸ், பக்கத்துல அந்த ஆப்ஷன் பேரு. அந்த சொல் எந்த கமிட்ல (கிட்ல பதிஞ்ச ஒரு மாற்றம்) வந்துச்சு, எந்த கமிட்ல போச்சுன்னு காட்டிடும். பேரு மாத்துன கமிட் கையில இருந்தா உங்க திருத்தத்துல அதைக் குறிப்பிடலாம், ப்ராஜெக்டைப் பாத்துக்குற மெயின்டெய்னர் ரெண்டு நிமிஷத்துல சரி பாத்துடுவாரு. விக்கி வேற, கோடு வேறன்னு தனித்தனியா வெக்கிற ப்ராஜெக்ட்ல கோடு, டாக்குமென்ட் ரெண்டையும் ஒரே லாக்ல பாக்க முடியாது. என்னைக் கேட்டா டாக்குமென்ட் கோடு இருக்குற அதே ரெப்போல (கிட் ஃபோல்டர்) இருக்கணும், ஆப்ஷனை மாத்துற கமிட்லயே அதோட விளக்கமும் மாறணும். லினக்ஸ் கெர்னல்ல டாக்குமென்டேஷன்னு ஒரு ஃபோல்டரே சோர்ஸ் கூட இருக்கு.

ரீட்மீ உதாரணம் இன்னும் ஓடுதான்னு தானா பாக்க பைத்தான்லயே டாக்டெஸ்ட் இருக்கு, தனியா இன்ஸ்டால் பண்ண வேணாம். "பைத்தான் மைனஸ் எம் டாக்டெஸ்ட் ரீட்மீ"ன்னு ஃபைல் பேரைக் கொடுத்தா, மூணு அம்புக்குறி போட்ட உதாரணத்தையெல்லாம் ஓட்டி, கீழ எழுதியிருக்குற விடையோட எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாக்கும். எல்லாம் சரின்னா ஒன்னும் பேசாது, பயந்துடாதீங்க, மைனஸ் வி போட்டா விவரம் சொல்லும். ரீட்மீ எழுதுற மார்க்டவுன் வடிவத்துல ஒரு பொறி இருக்கு. கோடு கட்டத்தை மூடுற மூணு பேக்டிக் வரியையும் டாக்டெஸ்ட் விடைன்னே நெனச்சுக்கும், சரியான உதாரணமும் ஃபெயில் ஆகும். விடைக்கும் மூடுற வரிக்கும் நடுவுல ஒரு காலி வரி விடுங்க. அடுத்து, வஞ்சிரம், சங்கரா, நெத்திலின்னு ஒரு செட்டை அப்படியே ப்ரின்ட் பண்ணா வரிசை ஒவ்வொரு தடவையும் மாறலாம். செட்ல எது எங்க நிக்கும்னு முடிவு பண்ற ஸ்ட்ரிங் ஹாஷை பைத்தான் வேணும்னே கலைச்சுப் போடுது. வரிசைப்படுத்துற சார்ட்டெட் போட்டு காட்டுங்க.

தமிழ்ல ரீட்மீ எழுதுனா தனி ஃபைலா வைங்க. இங்கிலீஷ் ரீட்மீயோட எந்த கமிட்டைப் பாத்து எழுதுனீங்களோ அந்த கமிட் நம்பரை மேல போடுங்க. அப்ப தமிழ் எவ்வளவு பின்தங்கியிருக்குன்னு கிட் டிஃப் போட்டே பாத்துக்கலாம்.

லைசன்ஸ் பத்தி சுருக்கமா: லைசன்ஸ் ஃபைலே இல்லன்னா முழு காப்பிரைட் எழுதுனவங்களுக்குத்தான், கோடு கண்ணுக்குத் தெரியுதுன்றதால ஓப்பன் சோர்ஸ் ஆகிடாது. டாக்குமென்டுக்கு கிரியேட்டிவ் காமன்ஸ் லைசன்ஸ் வெக்கலாம், கோடுக்கு வேணாம், கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பே வேணாம்னுதான் சொல்லுது.

திருத்தம் அனுப்புறப்போ ஒரு கமிட்டுக்கு ஒரு விஷயம். தலைப்பு 50 எழுத்துக்குள்ள, ஒரு வரி விட்டு, கீழ ஏன் மாத்துனோம்னு 72 எழுத்து அகலத்துல. எந்த இமேஜ்ல ஓட்டுனீங்க, என்ன எர்ரர் வந்துச்சு, அதை அப்படியே ஒட்டுங்க. பங்களிப்பு விதி எழுதியிருக்குற காண்ட்ரிப்யூட்டிங் ஃபைல்ல சைன்-ஆஃப் கையெழுத்து கேட்டிருந்தா கிட் கமிட் மைனஸ் சின்ன எஸ். சும்மா ரீட்மீல ரெண்டு வார்த்தை மாத்தி அனுப்புற வேலை மட்டும் ஆகாது. 2020ல, திருத்தம் அனுப்புறவங்களுக்கு டீ-ஷர்ட் தந்த ஹேக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்ச்சியில அந்த டீ-ஷர்ட்டுக்காக அப்படித்தான் குவிச்சாங்க. மெயின்டெய்னர்லாம் கடுப்பாகி, விருப்பப்பட்டு சேர்ந்த ரெப்போ மட்டும்தான் கணக்குன்னு அந்த மாசமே விதியை மாத்த வேண்டியதாச்சு.

கமாண்ட் எல்லாம் கீழ டிஸ்க்ரிப்ஷன்ல இருக்கு. உபுண்டுல பாக்கணும்னா டெபியன் கோலன் 12 இருக்குற இடத்துல உபுண்டு கோலன் 24.04 போடுங்க, மத்தது எதுவும் மாறாது.