கராத்தே ஆசிரியர் யாருக்குக் குனிகிறார்? – சந்தேகங்களுக்கு விளக்கம்

ஒரு கேள்வி: "ஜப்பானோட தெற்குத் தீவான ஓக்கினாவாவுல கராத்தே ஆசிரியர் ஒருத்தர் கிறிஸ்தவரா இருந்தா, தோஜோங்கிற பயிற்சிக் கூடத்துல சாமி மாடத்துக்கு முன்னாடி குனியறது விக்கிரக வணக்கம் ஆகாதா?"

வகுப்பு எப்படித் தொடங்குதுன்னு முதல்ல பாருங்க. இடது முழங்கால், அப்புறம் வலது முழங்கால் ஊன்றி வரிசையா உட்காருவாங்க. கண்ணை மூடி கொஞ்ச நேரம் மௌனம். அதுக்கு மொகுசோன்னு பேரு. விசுவாசி அந்த நேரத்துல மனசுக்குள்ள ஜெபிக்கலாம், தடையில்ல. பிறகு மூணு குனிவு: முன்சுவரை நோக்கி ஒண்ணு, ஆசிரியருக்கு ஒண்ணு, ஒருத்தருக்கொருத்தர் ஒண்ணு. பின்னாடி ரெண்டுலயும் சிக்கலே இல்ல. ஆதியாகமம் 33:3ல யாக்கோபு ஏசாவுக்கு முன்னாடி ஏழு தரம் தரைமட்டும் குனியறாரு. அது மரியாதை.

சிக்கல் அந்த முதல் குனிவுலதான். சுவர்ல என்ன இருக்கு? மறைஞ்ச ஆசான்களோட படம் மட்டும்னா, அதுவும் மரியாதைதான். காமிதானாங்கிற ஷிந்தோ (ஜப்பானோட பாரம்பரிய மதம்) மாடம் இருந்து, அரிசி, உப்பு, தண்ணி படைச்சு, ரெண்டு தரம் குனிஞ்சு, ரெண்டு தரம் கைதட்டி, மறுபடி ஒரு தரம் குனிஞ்சா, அது ஷிந்தோ கோயில்ல செய்யற அதே வழிபாடு. அதை மரியாதைன்னு சொல்ல முடியாது.

மாணவன் தன் பக்க நியாயமா சீரியப் படைத்தலைவன் நாகமானைக் காட்டலாம், 2 இராஜாக்கள் 5:18. ராஜா அவன் கைமேல சாய்ஞ்சுக்கிட்டு ரிம்மோன்ங்கிற தெய்வத்தோட கோயில்ல பணியறப்போ அவனும் பணிய வேண்டியிருந்தது. ஆனா ஆசிரியருக்கு அந்தச் சாக்கு கிடையாது, சுவர் அவரோடது. மாடத்தை எடுத்துட்டா கராத்தேல எதுவும் குறையாது. மாடம் பெருநிலத்துல இருந்து வந்த வழக்கம்; ஜப்பானியப் பெருநிலத்தோட பூதோகுகாய்ங்கிற தற்காப்புக்கலை அமைப்பு கராத்தேயை ஏத்துக்கிட்டதே 1933லதான். பழைய ஓக்கினாவா ஆசான்கள் பலர் வீட்டு முற்றத்துலயே சொல்லிக்கொடுத்தாங்க. "மாணவர்கள் எதிர்பார்க்கறாங்க"ன்னு மாடத்தை வச்சிருக்கிறவர் 'இது விக்கிரகத்துக்குப் படைச்சது'ன்னு ஒருத்தர் சொன்னா அவர் மனசாட்சிக்காகச் சாப்பிடாதேன்னு சொல்ற 1 கொரிந்தியர் 10:28ஐ ஒரு தரம் நிதானமா வாசிக்கணும். அவர் செய்யறதைத்தான் பிள்ளைங்க அப்படியே செய்யும்.

ஆனா ஓக்கினாவாக்காரருக்கு நிஜமான பாரம் தோஜோவுல இல்ல, வீட்டுல இருக்கு. தோத்தோமேன்னு முன்னோர் பெயர்ப் பலகைகள். மூத்த மகன்தான் அதை ஏத்துக்கிட்டு, சந்திர மாசத்து 1, 15 தேதிகள்ல தூபம் காட்டணும். மூத்தவர் ஞானஸ்நானம் எடுத்தா உறவே கலங்கிடும்: "இனி யார் பார்ப்பா?" இங்க நடக்கிற பெரிய தப்பு, அப்பா இறந்த வீட்டுல, துக்கத்துக்கு நடுவுல "நான் செய்ய மாட்டேன்"னு சொல்றது. பெத்தவங்க உயிரோட இருக்கும்போதே பேசி, தம்பியோ சித்தப்பா மகனோ பொறுப்பேத்துக்க ஏற்பாடு பண்ணணும்.

ஏப்ரல்ல ஷீமீ வரும், குடும்பமே கல்லறைக்குப் போற நாள். அவரும் போகணும்! புல் வெட்டணும், கல்லறையைக் கழுவணும், கொண்டுபோன சாப்பாட்டை எல்லாரோடயும் உட்கார்ந்து சாப்பிடணும். தூபமும், உச்சிகாபிங்கிற காகிதப் பணத்தை எரிக்கிறதும் மட்டும் வேண்டாம். அந்த நேரம் தலைகுனிஞ்சு தேவனை நோக்கி ஜெபிக்கட்டும். வராமலே இருந்தா "பெத்தவங்களை மறந்துட்டான்"னு பேர் வரும், அப்புறம் சுவிசேஷத்தை யாரும் காதுல வாங்க மாட்டாங்க.

கிறிஸ்தவம் அங்க 1945ல அமெரிக்கப் படையோட வந்ததுன்னும் நினைக்காதீங்க. 1846லயே பெட்டல்ஹைம்ங்கிற மிஷனரி ஓக்கினாவாவோட நாஹா நகரத்துல இறங்கி, கோகோகுஜிங்கிற புத்த கோயில்லயே எட்டு வருஷம் தங்கி, சுவிசேஷங்களை அந்தத் தீவு மக்களோட ரியூக்யூ மொழியில மொழிபெயர்த்தாரு.