மெதுவாக ஓடிய மைல்ஸ் டேவிஸ்

(தருமபுரியில் மாதம் ஒருமுறை இசைத்தட்டு கேட்கக் கூடும் நண்பர்களிடையே பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் அண்ணன் நாயனத் தட்டுகளைக் கொண்டுவந்தார். இந்த மாதம் என் முறை, அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த ஜாஸ் இசை. ஜாஸ் என்றதும் இரண்டு பேர் டீ குடிக்கக் கிளம்பியதைக் கவனித்தேன். பரவாயில்லை, சீக்கிரம் வந்துவிடுங்கள்.

1990-களின் நடுவில் பெங்களூரு நடைபாதை ஒன்றில் ஒரு கேசட் வாங்கினேன். அட்டையில் ஒருவர் டிரம்பெட் ஊதிக்கொண்டிருந்தார். அமெரிக்க ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் புளூ’. வீட்டு டேப்பில் போட்டால் அப்படி ஒரு சோகம். இழவு வீட்டில் ஆட்கள் எல்லாம் அழுது ஓய்ந்த பிறகு ஒருவர் மட்டும் விசும்புவாரே, அந்த மாதிரி. இரண்டு வருடம் அப்படித்தான் கேட்டேன். அப்புறம் டேப் மக்கர் செய்ய, மெக்கானிக்கிடம் கொடுத்துப் பெல்ட் மாற்றினேன். திரும்பப் போட்டால், கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர் மாதிரி ஊதுகிறார் மைல்ஸ்! “அண்ணா, பாட்டு வேகமா ஓடுது” என்று சண்டைக்குப் போனேன். “இப்பதான் சார் சரியா ஓடுது. இத்தனை நாளா பெல்ட் லூசு” என்றார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தத் தட்டுக்கே இந்த நோய் இருந்தது. 1959 மார்ச் 2-ஆம் தேதி நியூயார்க்கில் பதிவு நடந்தபோது எந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறிவிடும் இல்லையா? முதல் பக்கத்து மூன்று பாட்டும் அப்படித் தூக்கலான சுருதியிலேயே முப்பது வருடத்துக்கு மேல் ஊர் சுற்றின. 1990-களில்தான் சரிசெய்து வெளியிட்டார்கள். உலகம் கூடுதல் வேகத்தில் கேட்டது, நான் குறைந்த வேகத்தில் கேட்டேன். இரண்டு பேருக்குமே பிடித்திருந்தது!

அதில் முதல் பாட்டு ‘ஸோ வாட்’. நம் பக்கத்துக் கூத்து பார்த்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதே இல்லை. வேஷக்காரர் ஓர் அடி பாடுகிறார், பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்குகிறார்கள். இங்கே அடி எடுத்துக் கொடுப்பது டபுள் பேஸ், ஆளுயர வயலின் மாதிரி கனத்த குரல் கருவி. வாசித்த பால் சேம்பர்ஸுக்கு அன்று 23 வயது. அவர் ஒரு வரி சொல்ல, மற்றவர்கள் இரண்டே சுரத்தில் பதில் சொல்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் மைல்ஸ் தனியாக நுழைகிறார். அந்த இடத்தில் டிரம்ஸ் வாசிக்கும் ஜிம்மி காப் சிம்பல் என்கிற உலோகத் தட்டில் ஒரு போடு போடுவார். ஓங்கி அடித்துவிட்டோமோ என்று அவருக்கே பயம். ஆனால் அந்த ஓசை அடங்க அடங்கத்தான் டிரம்பெட் மேலே எழுகிறது. சாக்சபோனில் ஜான் கோல்ட்ரேன், கேனன்பால் ஆடர்லி, பியானோவில் பில் எவன்ஸ் எல்லோரும் இருக்கிற தட்டில் எனக்குப் பிடித்த நொடி ஒரு தகரத் தட்டின் ஓசை. என்ன செய்வது!

அதே 1959-இல் பதிவானது பியானோ கலைஞர் டேவ் பிரூபெக்கின் ‘டைம் அவுட்’ தட்டு. அதிலுள்ள ‘டேக் ஃபைவ்’ ஐந்து எண்ணிக்கை. தொடையில் தட்டிப் பாருங்கள்: தகிட தக, தகிட தக. நம் கண்ட சாப்பைத் திருப்பிப் போட்டதுதான். பாட்டை எழுதியவர் சாக்சபோன் வாசித்த பால் டெஸ்மண்ட், பிரூபெக் அல்ல. புதிதாகக் கேட்பவர் இதில் தொடங்கலாம். நானும் பலருக்கு இதைத்தான் கொடுத்து வலையில் போட்டேன்.

ஜான் கோல்ட்ரேனின் ‘எ லவ் சுப்ரீம்’ அப்படியில்லை, கொஞ்சம் அடம்பிடிக்கும். 1964 டிசம்பர் 9, ஒரே நாளில் முடித்த பதிவு. நான்கே சுரம் கொண்ட ஒரு பிடி. அதைப் பன்னிரண்டு சுருதியிலும் நகர்த்தி நகர்த்தி ஊதிவிட்டு, கடைசியில் வாயாலேயே சொல்கிறார். நான்காம் பகுதிக்கு வாருங்கள். அங்கே நிலையான தாளம் இல்லை. தட்டின் உறையில் அவர் எழுதிய கவிதை அச்சாகியிருக்கிறது. அதன் அசைகளை வரிசையாகச் சாக்சபோனில் சொல்லிக்கொண்டே போகிறார். விருத்தம்! வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. உறையைக் கையில் வைத்துக்கொண்டு விரலை ஓட்டியபடி கேளுங்கள்.

அவர் மனைவி ஆலிஸ் கோல்ட்ரேன் நம் யாழ் மாதிரியான ஹார்ப் மீட்டியவர். 1971-இல் வந்த ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’ தம்புராவோடு தொடங்கும். பெயரில் இருக்கும் சச்சிதானந்தர் யார் தெரியுமா? கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையத்தில் பிறந்த சாமி. ஜாஸ் எங்கோ தூரத்தில் இருக்கிறது என்று சொல்கிறவர்களிடம் இந்தத் தட்டை நீட்டுவேன்.

பின்னாளில் மின்கருவிகளோடு மைல்ஸ் வாசித்தது எனக்கு ஏறவில்லை. அடிக்க வராதீர்கள், அடுத்த மாதம் யாராவது எடுத்துவந்து என்னை மாற்றுங்கள்.

சரி, ஊசியை வைக்கப் போகிறேன். ‘கைண்ட் ஆஃப் புளூ’, திருத்திய வேகத்தில் வந்த தட்டுதான். முதல் அரை நிமிடம் பியானோவும் பேஸும் குசுகுசுவென்று பேசிக்கொள்ளும். அண்ணா, அந்தப் பின்பக்க ஃபேனைக் கொஞ்சம் நிறுத்துங்கள்.