அப்பப்பா படையில் இருந்தாரா? எங்கே தேடுவது?

நேயர்களுக்கு வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

"எங்கட அப்பப்பா வெள்ளைக்காரன்ட ஆமியில இருந்தவராம்." மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் இப்படிச் சொல்லும் ஒருவராவது இல்லாத ஊர் குறைவு. களுவாஞ்சிக்குடியில் கேட்டிருக்கிறேன், கல்லாற்றில் கேட்டிருக்கிறேன். அக்கரைப்பற்றில் அதே கதையை மூத்தவாப்பாவைப் பற்றிச் சொல்வார்கள். எந்தப் படை, எந்த ஆண்டு, எங்கே நின்றார் என்று கேட்டால் கதை அதற்குமேல் நகராது. வெளிநாட்டில் இருக்கும் பேரப்பிள்ளைகள் அவருடைய பெயரை இணையத்தில் அடித்துப் பார்க்கிறார்கள், ஒன்றும் வருவதில்லை. "பதிவெல்லாம் அழிஞ்சு போச்சு" என்று விட்டுவிடுகிறார்கள்.

நான் இன்றைக்கு முக்கியமாகச் சொல்ல வந்தது ஒரு விஷயம். இந்தத் தேடலை லண்டனிலோ கொழும்பிலோ தொடங்காதீர்கள். அவர் கூடப்பிறந்த தங்கச்சியின் வீட்டில் தொடங்குங்கள்.

காரணம் நம்முடைய தாய்வழிக் குடிமுறையிலேயே இருக்கிறது. நம் பக்கத்தில் கல்யாணம் முடித்த ஆண் பெண் வீட்டுக்குப் போவான். அவன் பிறந்த வீடும் வளவும் சீதனமாகத் தங்கச்சிக்கோ அக்காவுக்கோ போகும். தமிழர், முஸ்லிம்கள் இரண்டு பகுதியிலும் இதுதான் வழக்கம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் படையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலானோர் கல்யாணம் ஆகாத இளந்தாரிகள். அவர்கள் எழுதிய கடிதம் எங்கே வந்திருக்கும்? தாயின் வீட்டுக்கு. மாதாமாதம் அனுப்பிய காசு யார் பெயருக்கு வந்திருக்கும்? தாயின் பெயருக்கு. போர் முடிந்து வந்து, கல்யாணம் முடித்து வேறு ஊருக்குப் போகும்போது அந்தப் பழைய றங்குப்பெட்டியை எத்தனை பேர் கையோடு தூக்கிப் போயிருப்பார்கள்? அது தாய் வீட்டிலேயே கிடந்திருக்கும். அந்த வீடு இன்றைக்குத் தங்கச்சியின் பேத்தியிடம் இருக்கிறது. நாமோ அப்பப்பா கல்யாணம் முடித்து வாழ்ந்த வீட்டு அலுமாரியைக் கிண்டிவிட்டு, ஒன்றும் இல்லை என்கிறோம்.

பதிவேடுகளிலும் இதே சிக்கல்தான். படையில் சேரும்போது எழுதிய விலாசம் அவர் பிறந்த ஊரின் விலாசம். நமக்கு அவரைத் தெரிந்ததோ பெண்ணெடுத்த ஊர்க்காரராக. நாம் குடியைத் தாய்வழியில் எண்ணுகிறோம், படை எழுதுவினைஞர் தகப்பன் பெயரைத்தான் கேட்டு எழுதியிருப்பார். ஆகவே முதலில் சேகரிக்க வேண்டியவை மூன்று: அவருடைய தகப்பன் பெயர், பிறந்த ஊர், பிறந்த ஆண்டு. தகப்பன் பெயர் தெரியாவிட்டால் பழைய காணி உறுதிகளைப் பாருங்கள், அவற்றில் இன்னாரின் மகன் இன்னார் என்று எழுதியிருக்கும். கிறிஸ்தவர்களும் பறங்கியரும் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேட்கலாம். கல்யாணத்தைப் பதிந்திருந்தால் விவாகப் பதிவில் மாப்பிள்ளையின் தொழில் என்ன என்று ஓர் இடம் உண்டு. போர் நடந்த காலத்திலேயே கல்யாணம் முடித்தவர் என்றால் அந்த ஒரு சொல்லே உங்கள் கேள்விக்குப் பதிலாகலாம்.

பிறந்த ஆண்டை வைத்து ஒரு சின்னக் கணக்கும் போட்டுப் பாருங்கள். போர் 1939 முதல் 1945 வரை. 1932இல் பிறந்தவர் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. அவர் ஆமியில் இருந்தது உண்மையென்றால் அது 1949இல் தொடங்கிய இலங்கைத் தரைப்படையாக இருக்கும், அப்போது தேடும் இடமே வேறு. அடையாள அட்டை வந்தது 1972இல்தான், அதிலுள்ள பிறந்த ஆண்டு சிலருக்கு உத்தேசமாகப் போட்டது என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

இன்னொன்று. அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். அதற்கு முந்திய பதிவுகளில் கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில் எல்லாமே மட்டக்களப்பு மாவட்டம். போர்க்காலப் பதிவில் அம்பாறை மாவட்டம் என்று தேடினால் கிடைக்காது.

சரி, தங்கச்சி வீட்டுப் பெட்டியில் என்னதான் இருக்கும்? கல்லாற்றுப் பக்கம் ஒரு வீட்டில் எனக்கு ஒரு பதக்கத்தைக் காட்டினார்கள். பழைய பிஸ்கட் தகரத்துக்குள் பஞ்சில் சுற்றி வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் முடி தரித்த ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் தலை. மறுபக்கம் டிராகன் என்ற இரட்டைத் தலைக் கற்பனை விலங்கின் மேல் ஒரு சிங்கம் ஏறி நிற்கிறது, 1939, 1945 என்று ஆண்டுகள். நாடா சாயம் போயிருந்தாலும் நடுவில் சிவப்பு, இரு பக்கமும் வெள்ளை, நீலம், ஓரத்தில் திரும்பவும் சிவப்பு என்று கண்டுகொள்ள முடிந்தது. வீட்டுக்காரப் பெரியம்மா விளிம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "பெயர் இல்லையே, அப்ப இது எங்கட ஆளுடையது இல்லையோ?" என்று கவலைப்பட்டார். பயப்படத் தேவையில்லை. முதலாம் உலகப் போர்ப் பதக்கங்களின் விளிம்பில் பெயரும் இலக்கமும் பொறித்திருக்கும். இரண்டாம் போரில் பிரித்தானிய அரசு தன் படையினருக்குப் பெயர் பொறிக்காமலே கொடுத்தது. இந்திய, தென்னாபிரிக்க, அவுஸ்திரேலியப் படையினருக்குத்தான் பெயர் பொறித்தார்கள்.

அந்தப் பெரியம்மாவிடம் இருந்தது 1939–1945 போர்ப் பதக்கம். அது கிடைக்க முழுநேரப் படையாளாகக் குறைந்தது 28 நாட்கள் சேவை செய்திருக்க வேண்டும். இன்னொரு வகை உண்டு, அதைப் பாதுகாப்புப் பதக்கம் என்பார்கள். நாடாவின் நடுவில் தீ நிறம், இரு பக்கமும் பச்சை, பச்சைக்குள் மெல்லிய கறுப்புக் கோடு. இது சிவில் பாதுகாப்பில் வேலை செய்தவர்களுக்கும் கொடுக்கப்பட்டது. ஆகவே இது மட்டும் தனியாக இருந்தால், அவர் துப்பாக்கி பிடித்தவர் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். ஆறு முனை நட்சத்திரம் இருந்தால் இன்னும் நல்லது. ஆபிரிக்கா, பர்மா, இத்தாலி என்று அதில் எழுதியிருந்தால், எந்தப் போர்முனை என்று தெரிந்துவிடும்.

கடிதங்கள் இருந்தால் உறையை எறிந்துவிடாதீர்கள். உள்ளே இருப்பதைவிட உறையில் விஷயம் கூட. தணிக்கை முத்திரையும் களத் தபால் நிலையத்தின் இலக்கமும் அதில் இருக்கும். அந்த இலக்கம் எந்த ஊரில் இயங்கியது என்று தபால் வரலாற்றில் ஈடுபட்டவர்கள் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். படம் இருந்தால் தோள்பட்டையில் உள்ள எழுத்துகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். சி.எல்.ஐ. என்றால் இலங்கை இலகு காலாட்படை, சி.ஜி.ஏ. என்றால் கரையோரப் பீரங்கிகளை இயக்கிய இலங்கைக் காவற் பீரங்கிப் படை. இவை இரண்டும் இலங்கைப் பாதுகாப்புப் படை என்ற பெரிய அமைப்பின் பிரிவுகள். 1942 மே மாதம் கொக்கோஸ் தீவில் கலகம் செய்து, அதற்காக மூன்று இலங்கையர் தூக்கில் இடப்பட்டார்களே, அவர்கள் அந்தப் பீரங்கிப் படைக்காரர்கள். இவற்றைத் தவிர கடற்படைத் தொண்டர் படை இருந்தது. நேரே பிரித்தானிய இராணுவத்தின் போக்குவரத்து, தொழிலாளர் பிரிவுகளில் சேர்ந்து மத்திய கிழக்குக்குப் போன நம்மவர்களும் உண்டு. "எகிப்தில லொறி ஓடினவர்" என்ற கதை உங்கள் வீட்டில் இருந்தால் நான் அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன்.

எங்கள் கரையில் ஹேர்மிஸ் கப்பலைப் பேசாமல் போரைப் பேச முடியாது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. முதல் நாள் இரவே துறைமுகத்தை விட்டு வெளியேறித் தெற்கே வந்திருந்த ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக்கு அப்பால் கண்டுபிடித்து மூழ்கடித்தார்கள். அன்றைக்கு அதில் ஒரு போர்விமானமும் இருக்கவில்லை. 307 பேர் இறந்தார்கள். கூடவே வந்த வம்பயர் என்ற அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலும் தாண்டது. வீட்டா என்ற மருத்துவக் கப்பல் ஏறத்தாழ 600 பேரைக் கடலில் இருந்து தூக்கியது, சிலர் நீந்திக் கரை சேர்ந்தார்கள். கப்பல் இன்றும் கல்லடிக்கு நேரே, ஐம்பது மீற்றருக்கும் கூடிய ஆழத்தில் கிடக்கிறது.

"அப்பப்பா ஹேர்மிஸ்ல இருந்தவர்" என்ற கதையை நான் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். அப்போது நான் கேட்பது, கப்பலிலா, கரையிலா? அதன் மாலுமிகள் பிரித்தானியக் கடற்படையினர். இறந்தவர்களின் பெயர்கள் எல்லாம் பதிவில் இருக்கின்றன, பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அந்தக் காலை கரையில் நின்று சத்தத்தைக் கேட்டவர், தோணியில் போனவர், கரை சேர்ந்தவனுக்குச் சாரமும் தண்ணீரும் கொடுத்தவர் நம்மவராக இருக்கலாம். அதே மாதிரி, திருமலைக் கடற்படைத் துறைமுகத்தில் கூலிக்கு நின்றவர், விமானத் தாக்குதல் முன்காப்புச் சேவையில், அதாவது ஏ.ஆர்.பி.யில் விசில் ஊதி விளக்கை அணைக்கச் சொன்னவர், எல்லாரையுமே வீட்டில் "ஆமியில இருந்தவர்" என்றுதான் சொல்லி வந்திருக்கிறார்கள். அவர் சிப்பாய் இல்லை என்று தெரிந்தால் சிலர் முகம் வாடிவிடுகிறார்கள். எனக்கு அது ஏன் என்று விளங்குவதில்லை. குண்டு விழுந்த திருமலைக்கு மறுபடி வேலைக்குப் போனவருக்கும் நெஞ்சுரம் வேண்டியிருந்தது. அவர் செய்த வேலையை உள்ளபடி எழுதி வைப்பதுதான் அவருக்கு நாம் கொடுக்கும் மரியாதை.

வீட்டில் கிடைத்ததை வைத்துக்கொண்டு அப்புறம் வெளியே தேடலாம். அதிகாரியாக இருந்தவர் என்றால் நியமனம் அரசாங்க வர்த்தமானியில் வந்திருக்கும், பழைய வர்த்தமானிகளைக் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பார்க்கலாம். சாதாரணச் சிப்பாயின் பெயர் வர்த்தமானியில் வராது. பழைய பள்ளிக்கூட மலர்களையும் விட்டுவிடாதீர்கள். மெதடிஸ்த மத்திய கல்லூரி, புனித மிக்கேல் கல்லூரி போன்ற பழைய பள்ளிக்கூடங்களில் படித்தவர் என்றால் அந்தக் கால மலர்களில் பழைய மாணவர் செய்திகளைப் பாருங்கள். படையில் இருக்கும்போதே இறந்தவர் என்றால் பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் இலவசமாகத் தேடலாம். 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை சேவையில் இறந்தவர்கள் அதில் இருக்கிறார்கள். உயிரோடு திரும்பி வந்தவரை அங்கே தேடிப் பயனில்லை. பிரித்தானிய இராணுவத்திலேயே நேரடியாகச் சேர்ந்தவர் என்றால், லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம். பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சிடம் இருந்த சேவைக் கோவைகளை 2022 முதல் அங்கே மாற்றி வருகிறார்கள்.

எங்கே தேடினாலும் பெயரின் எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றிப் போடுங்கள். சின்னத்தம்பியை ஆங்கிலத்தில் 'எஸ்' போட்டும் எழுதினார்கள், 'சி' போட்டும் எழுதினார்கள். ஆதம்பாவாவை ஒரே சொல்லாகவும் எழுதினார்கள், இரண்டாகவும் பிரித்தார்கள். தகப்பன் பெயரைக் குடும்பப் பெயர் என்று நினைத்து அதன் கீழ் பதிந்திருக்கவும் கூடும். அந்தப் பெயரிலும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

கடைசியாக, கொஞ்சம் மெதுவாகச் சொல்ல வேண்டிய ஒன்று. 1978 நவம்பர் 23 சூறாவளியும் 2004 சுனாமியும் எத்தனையோ வீட்டுக் கடதாசிகளைக் கொண்டு போய்விட்டன. ஆனால் சில வீடுகளில் படத்தை எடுத்துப் போனது காற்றுமில்லை, கடலுமில்லை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் சுற்றிவளைப்பு நடந்த நாட்களில் சீருடை போட்ட ஓர் ஆணின் படம் சுவரில் தொங்குவது எவ்வளவு பயமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வாசலில் நிற்பவரிடம் இது 1943ஆம் ஆண்டுப் படம் என்று விளக்கவா முடியும்? பெண்கள்தான் அதைக் கழற்றி அடுப்பில் போட்டார்கள், அல்லது வளவுக்குள் புதைத்தார்கள். பிள்ளைகளைக் காப்பாற்றச் செய்த காரியம் அது. ஏன் எரித்தீர்கள் என்று யாரும் அவர்களைக் கேட்காதீர்கள். படத்தில் என்ன இருந்தது என்று கேளுங்கள். தொப்பி வட்டமா, ஒரு பக்கம் சரிந்ததா, காற்சட்டை கட்டையா நெட்டையா, பக்கத்தில் யார் நின்றார் என்று கேட்டால் அவர்களுக்கு எல்லாம் ஞாபகம் வரும். தினமும் துடைத்த படமல்லவா?

இந்தக் கிழமையே அப்பப்பாவின் தங்கச்சி வழியில் வயது போன பெரியம்மா, மாமி, பெத்தா யாராவது இருந்தால் போய்ப் பாருங்கள். ஒரு நாள் பின்னேரம் ஆறுதலாக உட்கார்ந்து கேளுங்கள். கடிதத்தை வீட்டில் யார் வாசித்துச் சொன்னார்கள், காசு எந்தத் தபால் கந்தோருக்கு வந்தது, போகும்போது யார் கூடப் போனார், திரும்பி வரும்போது என்ன கொண்டு வந்தார் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதைக் கைத்தொலைபேசியில் அப்படியே பதிந்துகொள்ளுங்கள். கூடப் போனவரின் பெயரைச் சொன்னால் அதை முதலில் எழுதுங்கள், உங்கள் அப்பப்பாவின் படைப்பிரிவு அவருடைய வீட்டுப் பெட்டியில் கிடக்கலாம்.

நன்றி. வணக்கம்.